நூற்று நாற்பத்து நான்கு ஜன்னல்கள்

1

இந்தக் கதை ஒரு புகார்ப் படிவத்தின் பின்பக்கத்தில் தொடங்கியது. முன்பக்கத்தில் ஆறே ஆறு கோடுகள் அச்சிட்டிருக்கிறார்கள். 'இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதவும்' என்று அடியில் ஒரு வரி. எனக்குப் போதவில்லை. பின்பக்கமும் போதாதென்று இப்போதே நாட்குறிப்பிலிருந்து கிழித்த நான்கு தாள்களைக் குண்டூசியால் சேர்த்திருக்கிறேன்.

முன்பக்கப் புகார் சுருக்கமானது. திங்கட்கிழமை கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நடையில் வழிகாட்டி அம்மையார் மூன்று இடங்களில் தவறான எண்ணிக்கை சொன்னார். படிவத்திலேயே விதியும் இருக்கிறது: மூன்று தவறுகள் உறுதியானால் வழிகாட்டியை அந்தத் தடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். மூன்றையும் நான் உறுதி செய்துவிட்டேன். அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் அலுவலக வாசலில் உள்ள பெட்டியில் இதைப் போட இன்று, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிவரை நேரம். இப்போது இரண்டே கால். ஏழு மணிக்கு எனக்கு ரயில்.

என்னைப் பற்றி: பகலில் குளியலறைச் சாமான்கள் வைக்கும் கிடங்கில் இருப்பு சரிபார்க்கிறேன். குழாய், வாளி, கண்ணாடி. மாலையில் எழுத்து வகுப்பு. தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதிக் காட்ட வேண்டும். ஒரு வருடமாக எங்கள் ஆசிரியை என் பக்கங்களில் சிவப்பு மையில் ஒரே குறிப்பைத்தான் எழுதிவருகிறார்: 'சந்தேகம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.'

2

தொடக்கங்கள்.

'இந்த நகரம் ஒரு பெரிய' (பெரிய என்ன? ஐந்து நாளில் தெரிந்துகொண்டதுபோல் எழுதுவது அநியாயம். விட்டேன்.)

'தபால் நிலையத்தின் கோபுரத்தில் காலை வெயில் விழுந்தபோது' (விழவில்லை. அன்று மேகமூட்டம்.)

'அவர் பொய் சொன்னார்.' (ஆசிரியைக்குப் பிடிக்கும். ஆனால் இது தீர்ப்பு. விசாரணை இன்னும் நடக்கவில்லை.)

ஆகவே நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். சரக்கு இறங்கும் வரிசையில் எண்ணினால்தான் எனக்குத் தப்பு வராது.

3

திங்கள் காலை பழைய தபால் நிலையத்தின் முன் பதினோரு பேர் கூடினோம். வழிகாட்டிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். துணிக் காலணி, வலது குதிகால் மட்டும் தேய்ந்தது. மடக்கிய மஞ்சள் குடையை உயரப் பிடித்தபடி நடந்தார். அதனால் என் நோட்டில் அவர் பெயர் குடையம்மா.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது எண்ணால் அல்ல, முதுகால். குடையம்மா கட்டடங்களைப் பார்ப்பதே இல்லை. கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தபடியே பேசுவார். பார்க்காமல் ஒப்பிக்கிறவரை எப்படி நம்புவது?

"மொத்தம் நூத்தி நாப்பத்தி நாலு ஜன்னல்," என்றார். "அதுல ஆறு பொய் ஜன்னல். சட்டம் இருக்கு, விளிம்பு இருக்கு, உள்ள சுவர்தான். இந்தப் பக்கம் இருக்குற மாதிரி அந்தப் பக்கமும் இருந்தாதானே முகம் கோணாது."

நான் எண்ணினேன். பொய் ஜன்னல்களையும் சேர்த்து நூற்று முப்பத்தெட்டு.

அடுத்தது நூலகம். நடுக்கூடத்திலிருந்து கூரை மாடம்வரை வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் இலைக்கொடி வார்த்திருக்கிறது. துளை வழியே கீழே படிப்பவர்களின் தலைகள் தெரிகின்றன. தொண்ணூற்றேழு படிகள் என்றார். நான் எண்ணியது தொண்ணூற்று நான்கு.*

மூன்றாவது ரயில் நிலையத்தின் பெருங்கூடம். முப்பத்திரண்டு தூண்கள் என்றார். முப்பதுதான்.

அங்கே பேச்சை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, என்ன எழுதறீங்க?"

"சும்மா, டைரி மேடம்."

"டைரியா." நோட்டை எட்டிப் பார்த்தார். "பக்கத்துக்குப் பக்கம் நம்பரா இருக்கு?"

"எண்ணுறது என் பழக்கம்."

"விடுங்க மேடம்," என்றார் மனைவியோடு வந்திருந்த ஒருவர். "பரீட்சைக்குப் படிக்கிறாரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். குடையம்மா சிரிக்கவில்லை. "எண்ணுங்க, எண்ணுங்க. நல்லா எண்ணுங்க," என்றார்.

நடை முடிந்ததும் அதே கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எண்களைத் திருத்தமாக எழுதினேன். இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் நான் எண்ணியது. பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் [இந்த வாக்கியத்தை இதோடு விடுகிறேன். கதைக்கு வேண்டாத ஆள்.]

* கடைசி மூன்று படிகள் மரத்தால் ஆனவை. அவற்றை விட்டுவிட்டேனோ என்று செவ்வாய்க்கிழமை மறுபடி ஏறினேன். இரும்பு தொண்ணூற்றொன்று, மரம் மூன்று.

4

நான் தங்கியிருப்பது அக்கா வீட்டில். நகரத்தைப் பார் பார் என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டவள் அவள்தான். செவ்வாய் மாலை படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஊரைச் சுத்திப் பாக்க வந்தியா, ஸ்டாக் எடுக்க வந்தியாடா?"

"தப்பு தப்புதானேக்கா."

"தூண் ரெண்டு கூடிடுச்சுன்னா கூரையா இடிஞ்சு விழும்? அந்தம்மாவை அங்கருந்து தூக்கிட்டா உனக்கு என்ன கிடைக்கும்?"

"சரியான எண்ணிக்கை கிடைக்கும்."

"அதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்க."

(அக்காவைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். நான் சிறியவனாகத் தெரிவது அவள் வரும் இடத்தில்தான். வைத்துவிட்டேன்.)

5

புதன்கிழமை பெட்டியைத் தேடிப் போகும் வழியில் மறுபடி தபால் நிலையத்தின் முன் நின்றேன். அங்கே வேறொரு கூட்டம். வேறொரு நிறுவனத்தின் வழிகாட்டி, கையில் சிவப்புக் கொடி. அவர் பேசப் பேச நான் நோட்டைத் திறந்து ஒப்பிட்டேன்.

"நூத்தி நாப்பத்தி நாலு ஜன்னல். ஆறு பொய் ஜன்னல். அந்தப் பக்கமும் இருந்தாதானே முகம் கோணாது."

அத்தனையும் குடையம்மாவின் சொற்கள். வாசல் தூணுக்குப் பின்னால் பார்த்தேன். குடையைப் பைக்குள் வைத்துக்கொண்டு குடையம்மா நின்றிருந்தார். என்னையும் பார்த்துவிட்டார்.

"வாங்க தம்பி. உங்க சரக்கு எப்படி விலை போகுதுன்னு பாக்க வந்தீங்களா?"

"என்ன மேடம் சொல்றீங்க?"

"எத்தனை ஜன்னல்? நீங்க எண்ணினது."

"நூத்தி முப்பத்தெட்டு."

"சரி. நானும் அதான் எண்ணினேன். நாலு வருஷம் முன்னாடி, உள்ள வெளிய ரெண்டு பக்கமும் எண்ணினேன். மேல்மாடிச் சாவிக்கு எட்டு தடவை அலைஞ்சேன். இந்த நடையில ஒவ்வொரு வரியும் நான் சேர்த்தது." குரலை உயர்த்தவே இல்லை. "ஆறு மாசமா யாரோ வந்து எழுதிட்டுப் போறாங்க. ரெண்டு மூணு நாள்லயே அந்தக் கொடிக்காரர் அதை ஒப்பிக்கிறார். ஆபீஸ்ல சொன்னேன். வார்த்தைக்கு யாரும்மா சொந்தக்காரர்னு கேக்குறாங்க. அதனால நோட்டோட வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு பொய் நம்பர் வச்சேன். போன மாசம் ஒரு கண்ணாடிக்காரருக்கு நூத்தி அம்பது. அது எங்கயும் வரலை. அவர் நல்லவர். திங்கக்கிழமை நோட்டோட வந்தது நீங்க ஒருத்தர்தான். நூத்தி நாப்பத்தி நாலு உங்களுக்கு வச்சது."

இதைக் கேட்டதும் வாசகர்கள் என்ன செய்வார்களோ, நானும் அதையே செய்தேன். நம்பவில்லை. பிடிபட்டவர் நின்ற இடத்தில் கட்டிய கதை என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னிடம் பிடிபடவே இல்லையே. என் படிவத்தைப் பற்றி அதுவரை அவருக்குத் தெரியாது.

"யார்கிட்டயாவது நோட்டைக் காட்டினீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

அவர் கண் என் சட்டைப் பைக்கு வந்தது. "அது எங்க ஆபீஸ் படிவம்தானே? எத்தனை தப்பு எழுதியிருக்கீங்க?"

"மூணு."

"மூணு போதும்." தூணிலிருந்து நகர்ந்தார். "போடுங்க. நான் அப்படிச் சொன்னது உண்மை, நீங்க எழுதினதும் உண்மை. மறுக்க முடியாது."

கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

6

மூன்றாம் பகுதியில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். அதை இங்கே முடிக்கிறேன்.

பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் நோட்டைப் பார்த்து, "என்ன அழகான கையெழுத்து. நீங்க எழுத்தாளரா?" என்று கேட்டார்.

ஒரு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்றுதான் சொன்னேன், ஆனால் இல்லை என்று சொல்கிற குரலில் சொல்லவில்லை. அவர் பக்கங்களைப் புரட்டினார். இடப்பக்கம் முழுவதையும் நிதானமாக, ரசித்துப் படித்தார். குடையம்மா சொன்ன வாக்கியங்களை நான் அப்படியே, மூச்சு விடும் இடம்கூடத் தப்பாமல் எழுதியிருந்தேன். "இந்த இடப்பக்கம் ரெண்டையும் படம் எடுத்துக்கலாமா? வீட்டுல பசங்களுக்குக் காட்டணும், எப்படி எழுதணும்னு," என்றார். வெளிச்சம் படும்படி நோட்டைத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

வலப்பக்கத்தில் சரியான எண்கள் இருந்தன. அவற்றை அவர் எடுக்கவில்லை. அப்போதே அது எனக்கு விசித்திரமாகத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரையும் சந்தேகப்பட்டேன், பாராட்டியவரை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த வாக்கியம் கதைக்கு வேண்டாதது என்று சொன்னேன் அல்லவா? பொய். தூணருகே குடையம்மா கேட்டபோது அந்த வெள்ளைச் சட்டை என் கண்முன் வந்து நின்றது. தெரிந்தேதான் 'இல்ல மேடம்' என்றேன். குடையம்மாவின் மூன்று தவறுகளை எண்ணிய நான் என்னுடையதை எந்தக் கோட்டில் எழுதுவது? முன்பக்கத்தின் ஆறு கோடுகளும் நிரம்பிவிட்டன.

7

முடிவுகள்.

முதல் முடிவு: படிவத்தைப் போடுகிறேன். நான் திருட்டுக்கு வந்தவன் இல்லை என்று நிரூபணமாகிவிடும், திருட வந்தவன் எதற்குப் புகார் கொடுக்கிறான்? குடையம்மா தடத்தை இழப்பார். சரியான எண்ணிக்கை எனக்குக் கிடைக்கும்.

இரண்டாம் முடிவு: கிழித்துப் போடுகிறேன். அவர் தடம் தப்பும். நான் அவர் கணக்கில் திருடனாகவே ஊர் திரும்புவேன், கொடிக்காரர் அடுத்த நோட்டுக்குக் காத்திருப்பார். என் 'இல்ல மேடம்' அப்படியே நிற்கும்.

மூன்றாம் முடிவு: பின்பக்கத்தை மட்டும் அவரிடம் (முடியாது. கதை தொடங்கும் தாளும் புகார்த் தாளும் ஒன்றுதான். புகாரை வைத்துக்கொண்டு ஒப்புதலைக் கொடுக்கவோ, ஒப்புதலை மறைத்துப் புகாரைக் கொடுக்கவோ வழியில்லை. இடம் போதாமல் பின்பக்கம் திருப்பியபோது இதை யோசிக்கவில்லை.)

மணி நான்கு இருபது. அலுவலகத்துக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் நிற்கிறேன். பெட்டி தெரிகிறது. பக்கத்து நிறுத்தத்தில் மஞ்சள் குடை ஒன்றும் தெரிகிறது. இன்றைய நடை முடிந்து எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இனி நான் எழுதுவதற்கு எதுவும் இல்லை. இதை நீங்கள் எந்த இடத்தில் படிக்கிறீர்களோ அதுதான் முடிவு. பெட்டியைத் திறந்து எடுத்தவராக இருந்தால், நான் சாலையைக் கடந்து நேராகப் போயிருக்கிறேன். எங்கள் வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்றால், கடக்கவே இல்லை, கோழைத்தனத்தை வீட்டுப்பாடமாக்கிவிட்டேன். சிவப்பு மையில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்.

குதிகால் தேய்ந்த காலணியோடு, நிறுத்தத்தில் நின்று படிப்பவராக இருந்தால்: மேடம், நோட்டைக் காட்டினேன். வெள்ளைச் சட்டை, இடது கையில் கைக்கடிகாரம் இல்லை, வார் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும். முன்பக்கத்தை என்ன செய்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. இதில் ஒரு எண்ணை வேண்டுமென்றே மாற்றி எழுதியிருக்கிறேன். எது என்று மேடம் ஒருவர்தான் கண்டுபிடிப்பார். அது கொடிக்காரர் வாயில் வந்தால், இந்தத் தாள் யார் கையிலிருந்து போனது என்று எனக்குத் தெரியும்.