அம்மா திரும்பும்போது

கோலா சிலாங்கூர் வீட்டில், தன் அறையில், டொரீன் தான் எழுதிய புது டிவிடியைப் போட்டுப் பார்த்தாள். அதில், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அவளுடைய மூன்றாவது பிறந்தநாள். அம்மா கேக்குடன் அசையாமல் நின்றவரை படம் சரியாக இருந்தது. அவள் திரும்பியதும் முகம் சீப்புப் பல்லைப் போலக் கோடுகோடாகக் கிழிந்தது.

அந்தப் பிறந்தநாளுக்கு அடுத்த மாதமே அம்மா இறந்துபோனாள். அவள் நடமாடும் படம் வேறு இல்லை. அதைப் பதிவு செய்த பழைய வீடியோ கேசட்டும் கணினியில் ஏற்றி முடித்தவுடன் சிக்கி அறுந்துவிட்டது.

"ஆச்சா, டொரீன்?" என்று கூடத்திலிருந்து அப்பா ராஃபேல் கேட்டார். இதைப் பார்ப்பதற்காகவே சுங்கை பஞ்சாங்கிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"கொஞ்சம் இருங்க லா, அப்பா."

கணினியில் காரணம் தேடினாள். வீடியோவின் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதியாகப் பதிவாகியிருந்தது. பின்னால் வரவேண்டிய பாதியை முன்னால் வரும்படி குறித்துவிட்டிருந்தாள்; அதனால் ஆள் அசையும்போதெல்லாம் இரண்டும் பொருந்தவில்லை. அதை மாற்றி மறுபடி டிவிடி எழுதினாள். பதிவே கெட்டிருந்தால் என்ன செய்வது? நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள்.

இந்த முறை கூடத்து டிவியில் போட்டாள்; அம்மா திரும்பினாள். முகம் முழுசாக இருந்தது.

அப்பா எழுந்து டிவி அருகில் போய் நின்றார். "உங்கம்மா ஒரு எடத்துல நிக்கவே மாட்டா" என்றார்.

டொரீனுக்கு அது தெரியாது. யாரும் சொன்னதில்லை.