எண்ணெய் குடித்த தரை

எங்கள் வீட்டுக் குளியலறையின் பழைய தரையில் உளி வைத்தால் உளிதான் உடையும். நான்கு உடைந்தன. ஐந்தாவது பயந்துபோய்ப் பைக்குள்ளேயே இருந்துவிட்டது. செம்மங்குப்பத்தில் இந்த வீட்டைக் கட்டியபோது, முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், நானே கலவை போட்டு ஊற்றிய கான்கிரீட் அது.

உளிகள் உடைவதற்கு எட்டு மாதம் முன் என் மனைவி ரத்தினம்மாள் அந்தத் தரையில்தான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து, சிதம்பரத்தில் மகள் கனிமொழி வீட்டில் இருந்தாள். சோப்பில் கால் வைத்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்கிறவர்களுக்கு அலுத்துவிடக் கூடாதே என்று அந்தச் சோப்பு ஆளுக்கு ஆள் பெருத்துக்கொண்டே போனது. மங்கலம்பேட்டை மச்சானிடம் சொல்லும்போது செங்கல் அளவு இருந்தது.

இதற்கிடையில் மருமகனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. பன்னிரண்டு நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி கிளம்புகிறது. அதற்குள் வழுக்காத டைல்ஸ் போட்டுவிட்டால் அம்மாவை வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவும் ஓசூர்தான் என்று கனிமொழி போனில் சொல்லிவிட்டாள்.

மறுநாளே டைல்ஸ் வந்து இறங்கியது. கொத்தனார் அருள்முருகனும் வந்தான். அவன் பெட்டியைத் தொடவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் வாங்கித் தரையில் தெளித்தான். பசை பிடிக்கிற தரையாக இருந்தால் தண்ணீரைக் குடித்துக் கறுக்கும் என்றான். எங்கள் தரை குடிக்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோலத் தண்ணீர் துளித்துளியாக உருண்டு நின்றது. அதில் ஒரு துளியைப் பார்த்து நான் மீசை சீவிக்கொண்டேன்.

அருள்முருகன் விரலால் தரையைத் தேய்த்து மோந்து பார்த்தான்.

“மாமா, இங்க எண்ண கிண்ண ஊத்துனீங்களா?”

ஊற்றவில்லை என்றேன். அது பொய்யில்லை. சனிக்கிழமைதோறும் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அது தானாக வழிந்தது. கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை வீணாக்குவானேன் என்று தரைக்கே தேய்த்துவிடுவேன். தரை பளபளவென்று இருக்கும். ரத்தினம்மாள் விழுந்ததும் ஒரு சனிக்கிழமைதான்.

சலவை சோடா போட்டு வெந்நீரில் தேய்த்தான். துளி நின்றது. ஒரு அங்குலம் கொத்தினான். துளி நின்றது. இரண்டு அங்குலத்தில் பெயர்ந்த துண்டு ஒன்றை அடுப்பில் சூடாக்கி, கசிந்த எண்ணெயில் அப்பளம் பொரித்ததாகப் பக்கத்து வீட்டு ஜெயராணியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பளம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அருள்முருகன் உளியைக் கீழே வைத்தான்.

“ஃபுல்லா ஒடச்சி எடுத்துட்டுப் புதுசா போடணும் மாமா. அது காயவே ஜாஸ்தி நாள் ஆவும்.”

“இது மேலயே ஒட்டிப் பாரேன்.”

“ஒட்டுறேன். நாலு மாசத்துல பேந்துக்கும். அத்தைய ரெண்டாவது வாட்டி விழ வெக்கணுமா?”

மறுநாள் எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். கூட்டம். ஆலப்பாக்கம் வரை ஒற்றைக் காலில் நின்றேன். அதுவும் என் கால்தானா என்று உறுதியில்லை.

கனிமொழி வீட்டில் சாமான்களெல்லாம் மூட்டையாகிவிட்டன. ரத்தினம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தரை ஆயிற்றா என்று கேட்டாள். தரைக்கு அடியில் ஒரு பாறை இருப்பதாகவும், அதன் மறுமுனை கடலுக்குள் கிடப்பதாகவும் ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே அலுத்துவிட்டது.

“சோப்பு இல்ல. நான் தேச்ச எண்ணதான்” என்றேன்.

“தெரியும்.”

வாக்கரின் ரப்பர் பிடியை அவள் திருகிக்கொண்டே இருந்தாள்.

“பொடவையெல்லாம் நல்லெண்ண வாசன. சோப்புல அப்பிடி வருமா?”

“அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். எட்டு மாசம் இருந்தேன். சோப்பு செங்கல்லு ஆவற வரைக்கும் கேட்டுனுதான் இருந்தேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். வாக்கரை மடித்து நான்தான் ஏற்றினேன். அது மடங்க மறுத்தது, கொஞ்ச நேரம். அப்புறம் மடங்கிவிட்டது.

அருள்முருகன் பழைய தரையை முழுக்கப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் போட்டான். ஒரு மாதம் காய்ந்தபின் வந்து தண்ணீர் தெளித்தான். தெளித்தது தெரியாமல் உறிஞ்சிக்கொண்டது. ஒட்டிடலாமா மாமா என்றான். இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். டைல்ஸ் பெட்டிகள் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன.

தினமும் காலையில் ஒரு செம்பு தெளித்துப் பார்க்கிறேன். நேற்று அரைக்குடம் ஊற்றினேன். எவ்வளவு குடிக்கிறது உங்கள் புதுத் தரை என்று ஜெயராணி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். அரைக்குடம் என்றேன். அவள் சிரிக்கத் தயாராகி, மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.

மிச்சம் ஒன்றும் இல்லை.