அப்புறம் சொல்றோம்

பதினொரு வயதில் வந்த காய்ச்சல் ஆனந்தியின் காதுகளை எடுத்துக்கொண்டு போனது. அதன்பிறகு அந்த வீட்டில் அவளிடம் அதிகம் சொல்லப்பட்டது ஒன்றுதான். அப்புறம் சொல்றோம். கல்யாணப் பேச்சு, சாவுச் செய்தி, டிவி முன்னால் எல்லோரும் சேர்ந்து சிரித்தது, எதைக் கேட்டாலும் பொறு என்று உள்ளங்கையைக் காட்டுவார்கள். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்பதுகூட இன்னும் அப்புறத்தில்தான் இருக்கிறது.

சித்தையன்கோட்டையிலிருந்து தாய்மாமன் பொம்மையன் ஒரு சீப்பு வாழைக்காயோடு வந்து இறங்கியபோதே, என்ன பேசப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாகல் நகர் வீட்டின் முன்னறை. அதில் அவள் தையல் மிஷின் போட்டிருந்தாள். தம்பி முத்துக்கிருஷ்ணன் அதைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விடப் பார்த்தான். முந்தின வாரம் ஒருவன் வந்து டேப்பை இழுத்துச் சுவரை அளந்துவிட்டுப் போனான். தன் டேப்பைக் கழுத்தில் போட்டபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கையால் கேட்டாள். தம்பி பெண்டாட்டி மகேஸ்வரி உள்ளங்கையைக் காட்டினாள்.

மிஷினைப் பின்கட்டில் போட்டுக்கொள்ளலாம். இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் பின்கட்டில் யாராவது கதவைத் தட்டினால் அவளுக்குக் கேட்காது. தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால்தான் ஜாக்கெட் துணியோடு வருகிறவர்களை அவள் பார்க்கிறாள். அவர்களும் அவளைப் பார்க்கிறார்கள். பின்கட்டுக்குப் போனால் தொழில் போகும். அதன்பிறகு தம்பி போடும் சோறு.

அவளிடம் ஒன்று இருந்தது. டிசைன் பார்க்க வாங்கிய பழைய லேப்டாப்பில், இணையத்தில் தேடிக் கண்டுபிடித்த ஒரு பக்கம். மைக் படத்தை அமுக்கினால் பேசுவதெல்லாம் எழுத்தாக விழும். கீழே இன்னொரு கட்டம். அதில் எழுதிப் பொத்தானை அமுக்கினால் ஒரு பெண்குரல் வாசிக்கும். தன் சொந்தக் குரலை அவள் பள்ளிக்கூடத்திலேயே மூட்டை கட்டிவிட்டாள். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரித்தவர்களுக்குத் தெரிந்தது.

மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்ததும் லேப்டாப்பை மிஷின் பலகைமேல், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். மைக்கை அமுக்கினாள். சிவப்புப் புள்ளி ஒன்று துடித்தது.

"இது என்னத்துக்குடா?" என்றார் பொம்மையன்.

இது என்னத்துக்குடா என்று திரையில் விழுந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஏலே முத்து, நான் பேசுனத எழுதுதுடா."

அதுவும் விழுந்தது. அவர் ஒருமுறை செருமிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"செருமலுக்கு மதிப்பில்ல போல."

"மாமா, விஷயத்துக்கு வாங்க," என்றான் முத்துக்கிருஷ்ணன். "பின்னாடி ரூமுல அக்காவுக்கு ஃபேன் போட்டுத் தாரேன், லைட்டு போட்டுத் தாரேன். முன் ரூமு சும்மாதான கெடக்கு?"

"மதினிக்கு இதெல்லாம் புரியாது பெரியப்பா," என்றாள் மகேஸ்வரி. "நாம பேசி முடிச்சிட்டு அப்புறம் சொல்லிக்கிருவோம்."

யார் சொன்னது என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. எல்லாம் ஒரே பத்தியாக ஓடியது. உதடுகளைப் பார்த்து ஆனந்தி பிரித்துக்கொண்டாள். எழுந்து, கடைசி வரியின்மேல் விரலை வைத்தாள். வைத்தபடியே மகேஸ்வரியைப் பார்த்தாள்.

மகேஸ்வரிக்கு முகம் கறுத்தது. "மொதல்ல அந்த எழவ மூடுங்க. வீட்டுப் பேச்ச எழுதி எங்கிட்டுக் கொண்டுபோய்க் காட்டப் போறாக?"

எழவு உட்பட எல்லாம் விழுந்தது.

முத்துக்கிருஷ்ணன் லேப்டாப்பை மூடக் கையை நீட்டினான். அவன் கைமேல் அவள் கை விழுந்தது. நாளெல்லாம் கத்திரி பிடிக்கிற கை. அவன் எடுத்துக்கொண்டான்.

"இருக்கட்டும் விடு," என்றார் பொம்மையன். "பேசக் கூப்புட்டவன் பேசு."

வாயிலிருந்து போவது எதிரில் எழுத்தாக நிற்கும் என்று தெரிந்தபின் யாருக்கும் நாக்கு எழவில்லை. செத்த நேரம் சத்தம் இல்லையென்றால் மைக் தானே அணைந்துவிடும். சிவப்புப் புள்ளி நின்றது. ஆனந்தி அதை மறுபடி அமுக்கவில்லை.

மகேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். மாமன் பக்கம் கண்ணை ஓட்டி, முகவாயை அடுக்களைக்கு ஆட்டி, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். பிறகு வாசலைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையாட்டினான். தொடைமேல் விரலால் ஒரு கையெழுத்துப் போட்டான். கையை முன்னால் தள்ளி, நாளைக்கு என்று காட்டினான்.

ரகசியம் பேசுவதாக இருவரும் நினைத்தார்கள். இருபத்தைந்து வருஷமாக ஆனந்தி குடியிருந்தது அந்தப் பேச்சில்தான்.

அவள் எழுதினாள். பொத்தானை அமுக்கினாள்.

"மாமாவுக்குச் சோத்தப் போட்டு அனுப்பிருவோம்னு மகேஸ்வரி சொல்லுது. நாளைக்கு அக்ரிமெண்ட்ல கையெழுத்துன்னு தம்பி சொல்றான்."

குரல் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்தது தெரிந்தது. மகேஸ்வரி முந்தானையை வாயில் வைத்தாள். பொம்மையனின் தோள்கள் குலுங்கின. குலுங்கி முடித்துவிட்டு அவர் சொன்னதை உதட்டில் படித்தாள்.

"சோறு சரி. தொட்டுக்க வெஞ்சனம் என்னத்தா?"

அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "கையெழுத்து வரைக்கும் போய்ட்டு என்னைய எதுக்குடா வரச்சொன்ன?"

"நீங்க ஒரு வார்த்த சொன்னா அக்கா கேக்கும்னு."

ஆனந்தி மறுபடி எழுதினாள். "எங்கிட்ட கேளு. என் மூஞ்சியப் பாத்துக் கேளு." அமுக்கினாள். பிறகு மைக்கையும் அமுக்கினாள். புள்ளி துடித்தது.

முத்துக்கிருஷ்ணன் மாமனைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். வேறு பார்க்க யாரும் இல்லை. அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, முன் ரூம விட்டுத் தாரியா?"

"மாட்டேன். பின்னாடி கதவத் தட்டுனா எனக்குக் கேக்காது," என்று எழுதி அமுக்கினாள்.

"அம்புட்டுத்தான? பெல்லு மாட்டித் தாரேன்."

பெல்லு மாட்டித் தாரேன் என்று பெரிய எழுத்தில் விழுந்தது. அவனே அதைப் படித்தான். பொம்மையன் வாழைக்காய்ச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனந்தி தன் கட்டத்திலிருந்து இரண்டாவது வாக்கியத்தை அழித்தாள். ஒரு சொல் மிச்சம் இருந்தது. அமுக்கினாள்.

"மாட்டேன்."

"செத்த அனுசரிச்சுப் போத்தா," என்றார் பொம்மையன். "தம்பிதான?"

அவள் எதுவும் எழுதவில்லை. பொத்தானை அமுக்கினாள்.

"மாட்டேன்."

மகேஸ்வரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து என்னவோ நீளமாகச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் ஆனந்தி அமுக்கினாள்.

வாசலில் துணிப்பையோடு ஒரு பெண் உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள். மூன்று பேரும் கவனிக்கவில்லை. ஆனந்தி கையை உயர்த்தி, வா என்றாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில் இன்னொருமுறை அமுக்கினாள்.