வால் வைத்த பொட்டு

தேநீர் இடைவேளையில் ரேடியோதான் அந்தக் குரல் பதிவைப் போட்டாள். வாயை மூடத் தெரியாததால் அவளுக்கு அந்தப் பெயர். செல்போனைப் பெயிண்ட் டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, "கேளுங்கடி, நம்ம ஆலைக்காரன் எவனோ டீச்சருக்கு ஓட்டுக் கேக்குறான். தின்ன சோத்துக்கு நன்றி இல்லாத ஜென்மம்" என்றாள்.

நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் குண்டு ஆலையில வேலை பாக்குறேன். பேரு சொல்ல முடியாது. டீச்சர் சபையில ஒரு படத்தைக் காட்டினாங்களே, பள்ளிக்கூடச் சுவத்துல வெடிக்காம சொருகி நின்ன குண்டு. அதோட மூக்குக்குக் கீழ மஞ்சளா வால் வச்ச பொட்டு ஒண்ணு இருக்கு பாருங்க. அது நான் வச்ச பொட்டு. நாம செய்யிறது எங்க போகுதுன்னு கேட்ட ஒரே ஆளு டீச்சர்தான். அவங்களை மறுபடியும் அனுப்புங்க."

குரலை மாற்றிவிடுவோம் என்று, எங்கள் தொகுதிக்குச் சபையில் இருக்கும் டீச்சரின் தேர்தல் அலுவலகத்தில் சொன்னார்கள். சொன்னபடி மாற்றியிருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஆம்பளை பேசுவது மாதிரி இருந்தது. என்னைப் பெற்றவளுக்குக்கூட அது நான் என்று தெரியாது. ஆனால் வார்த்தையை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே.

ஆலை முழுக்க அதற்கு மார்க் என்றுதான் பேர். லேத் பட்டறைக் கடைசல்காரர்களுக்கு மார்க், லாரிக்காரர்களுக்கு மார்க். பெயிண்ட் கொட்டகையில் இருக்கும் நாங்கள் ஐந்து பெண்கள் மட்டும்தான் பொட்டு என்போம். குண்டின் காலி உறைகள் சங்கிலியில் தொங்கியபடி எங்களிடம் வரும். எண்ணெய் போகக் கழுவுவோம், துடைப்போம், பச்சை அடிப்போம், எண் போடுவோம். கடைசியில், எல்லாம் சரியாயிருக்கிறது என்பதற்கு மஞ்சளில் ஒரு சொட்டு. அப்புறம்தான் வெடிமருந்து அடைக்கிற இடத்துக்குப் போகும். "குளிப்பாட்டியாச்சு, தலை துவட்டியாச்சு, பொட்டு வச்சு அனுப்புடி பிள்ளையை" என்று ரேடியோதான் ஒருநாள் வேடிக்கைக்குச் சொன்னாள். அது அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. வெயிலில் வெந்து, பெயிண்ட் நெடியில் தலை சுற்றி நிற்கிறவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டுமே.

ரேடியோ சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பாதியில் சிரிப்பு நின்றது. அவள் போனை அணைத்ததும் ஐந்து பேரும் டம்ளருக்குள் பார்த்தோம்.

"பொட்டுங்குறான்" என்றாள் மெதுவாக. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

எல்லாக் கண்ணும் முதலில் போனது கோட்டானிடம். கழுவுகிற தொட்டியில் நிற்பவள். அதிகம் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், அதனால் கோட்டான். அவள் தம்பி டீச்சருக்குச் சுவரொட்டி ஒட்டுகிறான் என்று ஊருக்கே தெரியும். பிறகு ஒரு ஜோடிக் கண் என் இடது கையைப் பார்த்தது. நான் இடக்கைக்காரி. தூரிகையை எடுக்கும்போது என் பொட்டுக்குச் சின்னதாக ஒரு வால் விழும். எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தது கோட்டான்தான். பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப் பையில் டீச்சரை எதிர்த்து நிற்பவரின் பேட்ஜ் குத்தியிருந்தது. ஆலை கேட்டில் எல்லோருக்கும் கொடுத்தார்கள், எல்லோரும் குத்திக்கொண்டார்கள்.

"கடைசல்ல ஒரே பேச்சு. பொட்டுன்னு யாருடா சொல்றதுன்னு. நான் வாயத் திறக்கல. நீ வீட்லயும் பொட்டுன்னுதானே சொல்லுவ."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

"படத்தைப் பாத்தேன்."

"ஊரே பாத்துச்சு."

"அதுல என் வால் இருக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தம்மா ஜெயிச்சா ஆலையை மூடிடுவாங்க. அப்புறம் உன் வாலை வச்சு என்ன பண்றது?" என்றார்.

"மூடச் சொல்லல. சண்டை நடக்குற இடத்துக்கு விக்காதேன்னு சொல்றாங்க. யாருக்கு விக்கிறோம்னு சபையில சொல்லிட்டு வித்தா போதும், அதுக்கு ஒரு சட்டம் போடுங்கறாங்க. இதே மிஷின்ல நீங்க தண்ணி பம்புக்குக் கடைஞ்சவர்தானே?"

"கடைஞ்சேன். பாதிச் சம்பளத்துக்கு." பேட்ஜின் ஊக்கை விரலால் தடவினார். "வெல்டரை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. டீச்சர் கூட்டத்தில் வெல்டர் கைதட்டினார், அவ்வளவுதான். மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். குடியிருப்பு ஆலைக்குச் சொந்தம். அவர் மெத்தை தெருவில் மழையில் நனைந்து ஊறிக் கிடந்தது. எடுத்து வைக்க ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. நானும் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தவள்தான்.

சாப்பிட உட்கார்ந்தோம். தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். சத்தம் தாண்டிப் போனதும் இரண்டு பேரும் மறுபடி மென்றோம்.

மறுநாள் காலை சங்கிலி ஓடவில்லை. கொட்டகையில் அந்த அமைதியை நான் கேட்டதே இல்லை. சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வந்து நின்றார். சங்கிலி ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் தவிர எங்களைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர். அவர் பக்கத்தில் நாங்கள் பார்த்திராத, நன்றாகத் தேய்த்த சட்டை போட்ட ஒருவர். அவர் கையில் டீச்சரின் துண்டுப் பிரசுரம். அதில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். உடைந்த சுவர், கீழே ஒரு சின்ன நாற்காலி, மஞ்சள் பொட்டு, அதன் வால்.

"யாரு வைக்கிற மார்க் இது?" என்றார் சூப்பர்வைசர்.

நாங்கள் நின்றுபோன சங்கிலியைப் பார்த்தோம்.

"ஏம்மா, நாள் முழுக்க கத்துவியே, சொல்லேன்" என்றார் ரேடியோவைப் பார்த்து.

"நாங்க மாத்தி மாத்தி வைப்போம் சார். யாரு எதுன்னு எப்படித் தெரியும்? எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்." அவள் கழுத்து வேர்த்திருந்தது. அது எனக்காகச் சொன்னதா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி. ஆளுக்கு ஒண்ணு வையுங்க. பாத்துக்கலாம்."

பச்சை காய்ந்த உறைகள் ஐந்தைக் கீழே இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். மஞ்சள் டப்பா நடுவில். வலது கையால் வைத்தால் வால் விழாது, அதற்கு ஒரு நொடி போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி முழுக்கப் படுக்கையில் காற்றில் வலது கையால் பொட்டு வைத்துப் பழகியிருந்தேன்.

முதலில் கோட்டானைக் கூப்பிட்டார்கள். அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தொட்டியில் நிற்பவள், தூரிகையே பிடிக்காதவள். குனிந்து, மூக்குக்குக் கீழே அழுத்தி வைத்து, இழுத்தாள். மஞ்சள் பொட்டு, இடது பக்கமாக ஒரு வால்.

தேய்த்த சட்டைக்காரர் பிரசுரத்தைப் பொட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. தூரிகையைப் பிடிப்பக்கம் என் பக்கமாக வரும்படி நீட்டினாள்.

"அடுத்தது நீ" என்றார் சூப்பர்வைசர்.

வாங்கினேன். வாங்கியது இடது கை. மயிர்நுனியில் மஞ்சள் திரண்டு, கனத்து, கீழே தொங்கியது. என் வலது கை டப்பாவின் விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கையால் வைத்தால், வால் வைத்தவள் கோட்டான் மட்டும்தான் என்றாகிவிடும். அந்தப் பக்கம், அவள் வைத்த பொட்டு இன்னும் காயாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் வால் மெல்லக் கீழ்நோக்கி வழியத் தொடங்கியது.