பதியாத விரல்

வாசல் மெஷின் பெரியவளின் விரலை மூன்றாவது தடவையும் ஏற்றுக்கொள்ளவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல "மறுபடியும் வைக்கவும்" என்றது. அதன்மேல் என்ன தப்பு? பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரித் துணிகளைப் பிளீச்சிங் தண்ணீரில் அலசிய விரல் அது. ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகி வெகுநாளாயிற்று.

"மெஷினுக்கே உங்களைப் பிடிக்கல போல," என்று சிரித்தார் சூப்பர்வைசர். "உள்ள போங்க. சாயங்காலம் நான் கையால ஏத்திடுறேன்."

தினமும் இதே கூத்துதான். பெரியவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே தங்கை சின்னவள். மணி ஏழு.

சலவைக்கூடத்தில் பிழியும் மெஷின் போன மாசமே மூச்சை விட்டிருந்தது. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிப் பிழிந்தார்கள். அன்றைக்கு வந்தவை ஆபரேஷன் அறையின் பச்சை விரிப்புகள். சிலவற்றில் தொடைப் பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை விட்டுத் தைத்திருக்கும்.

"இந்த ஓட்டை எதுக்குக்கா?"

"டாக்டர் எட்டிப் பாக்கத்தான். பேசாம பிடிடி."

பதினொன்றேகால் மணிக்கு அக்காவின் பக்கத்து முனை தண்ணீரில் விழுந்தது. "பிடிக்கா," என்றாள் சின்னவள். அக்கா குனிந்து எடுக்கப் பார்த்தாள். வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "பிடி... பிடி..." என்றபடியே தொட்டி ஓரமாகச் சரிந்தாள். ஐயோ என்று சின்னவள் போட்ட சத்தத்தில் கூடம் முழுக்க ஓடிவந்தது.

சூப்பர்வைசரும் வந்தார். எல்லாரையும் விரட்டிவிட்டுச் சின்னவளை மட்டும் தனியே இழுத்தார். "வேன் நிக்குது, இப்பவே கிளம்பலாம். ஆனா இங்க விழுந்தாங்கன்னு வாயைத் திறந்திடாத. கேஸாயிடும், ஆஸ்பத்திரியில தொடவே மாட்டாங்க. இன்னிக்கு வேலைக்கே வரல, வெளியில கிடந்தாங்க, நேத்து ராத்திரி பேசும்போது நல்லா இருந்தாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். அக்கா பிழைக்கணுமா வேண்டாமா?"

பிழைக்க வேண்டும். பத்து நிமிஷம் பிந்தி வந்தால் "சரியா ஏழுக்கு வந்தேன் சார்" என்று வருஷக்கணக்காக இதே மனிதரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேரத்தில் பொய் சொல்வது அவளுக்குப் புதிதா என்ன?

அவசரப் பிரிவில் நர்ஸ் கேட்டாள். "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"நேத்து ராத்திரி. ஒன்பது மணி இருக்கும்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு மணிக்கு இளவயது டாக்டர் ஒருவர் வந்து சின்னவள் எதிரே உட்கார்ந்தார்.

"மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி அடைச்சிருக்கு. தொடையில சின்னதா ஓட்டை போட்டு, மெல்லிசா ஒரு குழாயை ரத்தக்குழாய் வழியாவே தலை வரைக்கும் கொண்டுபோய், அந்தக் கட்டியைப் பிடிச்சு வெளிய இழுத்துடலாம். ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா இந்நேரம் உள்ள கொண்டுபோயிருப்பேன். நல்லா இருந்தது நேத்து ராத்திரிதான்னா பதினாறு மணி நேரம் ஆச்சு. இப்ப அடைப்பைத் திறந்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிரே போயிடலாம்."

தொடைப் பக்கத்து ஓட்டை. சின்னவள் சட்டென்று எழுந்தாள்.

"இல்ல டாக்டர்! பதினொன்னேகாலுக்குத்தான் விழுந்தா. என் கண் முன்னாடி. காலையில இருந்து என்கூடத் துணி பிழிஞ்சா. நான் பொய் சொல்லிட்டேன், சாமி சத்தியமா பொய் சொல்லிட்டேன்!"

டாக்டர் அவளைக் கோபமில்லாமல் பார்த்தார். "ஆறு மணி நேரம்னு சொன்னதும் எல்லாரும் நேரத்தை மாத்துவாங்கம்மா. போன மாசம் ஒருத்தரை நம்பி உள்ள போனேன். மேஜையிலேயே போயிட்டார்."

"நேரம் தெரியாட்டி வேற வழியே இல்லையா?"

"மூளையைப் பாத்தே சொல்ற ஸ்கேன் ஒண்ணு இருக்கு. இங்க இல்ல. அது இருக்கற ஊருக்கு ஆம்புலன்ஸ்ல ஒன்பது மணி நேரம்." கூடவே வேனில் வந்து சுவரோரம் நின்ற சூப்பர்வைசர் பக்கம் அவர் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவங்க இன்னிக்கு வேலைக்கு வந்தாங்களா?"

சூப்பர்வைசர் போனை நீட்டினார். அன்றைய வருகைப் பதிவு. பெரியவளின் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. "மெஷின் பொய் சொல்லாது டாக்டர்."

"அக்கா விரல் அதுல பதியாது டாக்டர், யாரை வேணா கேளுங்க!" என்று கத்திக்கொண்டே, கிளம்பும்போது சூப்பர்வைசர் எடுத்துத் தந்த தன் போனில், சலவைக்கூடத்து ஆட்கள் ஒவ்வொருத்தியின் எண்ணாகச் சின்னவள் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் எல்லார் போனும் சூப்பர்வைசரின் அலமாரிக்குள்; சாவி அவர் சட்டைப் பையில். அவள் ஓடிப்போய் அக்காவின் கையைத் தூக்கினாள். "மோந்து பாருங்க டாக்டர்! பிளீச்சிங் வாசனை, இன்னும் போகல!"

டாக்டர் குனிந்து முகர்ந்தும் பார்த்தார், பாவம். "இந்த ஆஸ்பத்திரி முழுக்க இந்த வாசனைதான்மா," என்றார்.

திறந்திருந்த கதவுக்குள் ஆபரேஷன் மேஜை காலியாகக் கிடந்தது. மேலே பச்சை விரிப்பு. இடது ஓரத்துக் கிழிசலில் இருந்த தையல் சின்னவள் போட்டது.

பத்தாம் நாள் சூப்பர்வைசர் வார்டுக்கு வந்தார். பெரியவளின் வலது பக்கம் முழுக்கப் போயிருந்தது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் வலித்தாலும் "பிடி" என்றாள்.

"அன்னிக்கு வேலைக்கு வரலன்னு ஒரு கடுதாசி. உன் வேலை பத்திரமா இருக்கணும்ல?" என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டே, பெரியவளின் செத்த கையைத் தானே தூக்கினார். கட்டை விரலில் மை தடவி அழுத்தினார்.

"பிடி," என்றாள் பெரியவள். கண்ணில் நீர் வழிந்தது. சின்னவள் தடுக்கவில்லை. தன் வேலையும் போனால் இந்த உடம்புக்கு யார் சோறு ஊட்டுவது?

காகிதத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. உள்ளே ஒரு கோடுகூட இல்லை.

"ரேகையே விழலையே சார்."

"பேப்பருக்கு இது போதும்."

ஊதிக் காயவைத்து மடித்தார். தன் விரலில் ஒட்டிய மையைப் படுக்கை விரிப்பில் துடைத்துவிட்டுப் போனார். நாளைக் காலை அந்த விரிப்பு தொட்டிக்கு வரும். ஏழு மணிக்குச் சின்னவள் அங்கே இருக்க வேண்டும்.