வான்மதியின் மணிநேரங்கள்

கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் வான்மதி மஞ்சள் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவளுக்குக் கொண்டாட்டம். இருபத்தாறு வயது, டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அமெரிக்காவில், சான் ஹோசேயில் அவர்கள் வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஓர் அதிகாரி வருவார். வான்மதிக்கு எதெதற்கு உதவி வேண்டும் என்று கேட்டு, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உதவியாளர் வரலாம் என்று முடிவு செய்வார். அந்த நேரத்தில்தான் மரிசோல் என்ற உதவியாளர் வந்து அவளைப் பார்த்துக்கொண்டாள். மரிசோல் வந்த பிறகுதான் அம்மா தனபாக்கியம் மறுபடி லேப் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

அன்று மரிசோலுக்கு லீவு. வான்மதியே டீ போட்டு, சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள்.

"நீயே போட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் வந்தவர்.

"ஆமா! ஆல் பை மைசெல்ஃப்."

"கடைக்கும் தனியாகப் போவாயா?"

"போவேனே."

கடைக்கு அவள் முன்னால் நடப்பாள், கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே மரிசோல் வருவாள். தனபாக்கியம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருடமாக டாக்டர் அறையிலும் ஸ்கூல் மீட்டிங்கிலும் உட்கார்ந்து, மகளுக்கு என்னென்ன வராது என்பதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். இன்று முன்பின் தெரியாத ஒருவர், மகளுக்கு வருவதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். அது இன்னும் கொஞ்ச நேரம் நடக்கட்டுமே என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. சமையலுக்கும் கடைக்கும் கொடுத்திருந்த நேரத்தைக் குறைத்திருந்தார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்வதற்கான நேரம், அதுதான் பெரிய பங்கு, முழுதாகப் போயிருந்தது.

மரிசோல் கோபப்படவில்லை. "வேறொரு வீட்டில் கூப்பிடுகிறார்கள். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றாள்.

இரவுச் சாப்பாட்டின்போது சேனாபதி மனைவியைக் கேட்டார். "நீ அப்பவே சொல்லியிருக்கலாமே பாக்கியம்?"

"வாய் வரலீங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "சரி, அப்பீல் பண்ணலாம். ஆனா அவளால முடியாததை எல்லாம் நீதான் எடுத்துச் சொல்லணும். மரிசோல் வராத நேரமெல்லாம் நீதானே கூட இருக்கே."

விசாரணை போன் வழியாக நடந்தது. அன்று காலை மகளைப் பக்கத்து வீட்டுத் தென்றல் ஆண்ட்டியிடம் விட்டுவிடலாம் என்று தனபாக்கியம் நினைத்திருந்தாள். வான்மதி அசையவில்லை.

"மீட்டிங் என்னைப் பத்திதானே?"

"அம்மா சிலது சொல்ல வேண்டி வரும் கண்ணு. கேக்க உனக்கு நல்லாருக்காது."

"ஓகே. நான் கேக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்பீக்கரில் நீதிபதியின் குரல் நிதானமாக இருந்தது. முதலில் கவுண்டி தரப்பு, அந்த அதிகாரி எழுதியதைப் படித்தது. டீ, கடை, எல்லாமே உண்மைபோலத்தான் இருந்தது. பிறகு தனபாக்கியத்தின் முறை. அடுப்பு எரியும்போது வேறெங்காவது சத்தம் கேட்டால் வான்மதி அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் கைத்துணியில் தீப்பற்றிக்கொண்டது, மரிசோல்தான் அணைத்தாள். தெருவில் நாயைப் பார்த்தால் ரோட்டைப் பார்க்காமல் குறுக்கே போய்விடுவாள். கதவைத் தட்டியவர் யாரென்று கேட்காமல் திறந்து உள்ளே உட்காரவைத்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். பக்கத்தில் வான்மதி துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"வான்மதி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று கேட்டார் நீதிபதி.

அவள் போனுக்கு வெகு அருகில் குனிந்தாள். "எனக்கு டீ போடத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "மரிசோல் பக்கத்தில் நிற்பாள். அவள் இல்லையென்றால் நெருப்பு பயமாக இருக்கும்."

"அன்றைக்கு அதிகாரி வந்தபோதும் பயமாக இருந்ததா?"

"இருந்தது."

"அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை?"

வான்மதி போனை விட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தமிழில் சொன்னாள்: "நீங்க ஹேப்பியா இருந்தீங்க. அதான்."

சேனாபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் என்ன சொன்னார் என்று யாராவது மொழிபெயர்க்க முடியுமா?" என்றது போன்.

சேனாபதி வாயெடுத்தார். தனபாக்கியம் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

போனை வைத்த பிறகு வான்மதி எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். தனபாக்கியம் பின்னாலேயே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லு கண்ணு."

"நீங்க சேட் ஆவீங்க."

"வருத்தமானா ஆயிட்டுப் போறேன். நீ சொல்லு."

வான்மதி கொஞ்சம் யோசித்தாள். "கதவு தெறந்தது சொன்னீங்க. எனக்குப் புடிக்கல. அது ஒன் டைம்தான்."

"ஆமா, ஒரே தடவைதான். அதையும் நான் சேத்துச் சொல்லியிருக்கணும்."

"எஸ்" என்றாள் வான்மதி. கோபம் இன்னும் இருந்தது, ஆனால் தலையை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் நேரத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. சமையல், கடை நேரம் குறைத்தது குறைத்ததுதான். அதற்குள் மரிசோல் வெள்ளிக்கிழமைகளை மட்டும் அந்த இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மற்ற நாள்களில் வழக்கம்போல் வந்தாள். வெள்ளிக்கிழமை யார் இருப்பது என்று தனபாக்கியம் கணவரிடம் கேட்குமுன் வான்மதியிடம் கேட்டாள்.

"அப்பா" என்றாள் அவள் உடனே.

சேனாபதி வாராவாரம் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்வதாக ஆபீஸில் சொல்லி அனுமதி வாங்கினார். முதல் வெள்ளிக்கிழமை காலை, தனபாக்கியம் லேப்புக்குக் கிளம்பிப் போன பிறகு, வான்மதி சீப்போடு அவர் மேசைக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றாள்.

"எனக்குப் பின்னத் தெரியாதே சாமி."

"மூணா பிரிங்க. நான் சொல்றேன்."

அவர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்குள் அவிழ்ந்தும் போயிற்று. அவள் மறுபடி சீப்பை எடுத்துவந்து நீட்டினாள். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.