டாக்டர் வண்டில வெள்ளி, அப்பா வண்டில டீ கலர்

அந்தச் சீட்டைத் தலைகீழாத் திருப்பியும் பார்த்துட்டா. எழுத்து மாறல. பழைய பேப்பரைக் குப்பையில போடப் போனப்ப உள்ளருந்து விழுந்தது அது. கோட்டிங் கடைக்காரர் கையெழுத்து. 'போட்டு முடிச்ச குழாய் உள்பக்கம் டீ டிகாஷன் நிறத்துல இருக்கும். அழுக்குன்னு நினைச்சு யாரும் தேய்ச்சுடாதீங்க.'

அவ தேய்ச்சாச்சு. நேத்து அரை மணி நேரம், மண்ணெண்ணெயில முக்கின பழைய பல் பிரஷ்ஷால, தோள்பட்டை கழண்டுடுற அளவுக்குத் தேய்ச்சா. போகலைன்னதும், சரி, அப்பா வண்டிக்குத்தானே, இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டா.

அப்போ அது அழுக்கே இல்ல, கோட்டிங்.

நடந்தது இதுதான். மண்ணுல ரேஸ் ஓட்டுற பைக்கோட முன் சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற காலுக்குப் பேரு ஃபோர்க். ஒவ்வொரு காலும் குழாய்க்குள்ள குழாய். வண்டி குதிச்சு இறங்கினா உள்குழாய் வழுக்கிட்டு மேல போய்த் திரும்பி வரும். வெளிக்குழாய்க்கு உள்பக்கமா ஸ்பெஷல் கோட்டிங் போட்டா இன்னும் நல்லா வழுக்கும்னு ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா, ஆயிலை நேரத்துக்கு மாத்தினாலே போதும்னு இன்னொரு கட்சி. அந்த ரெண்டாவது கட்சிக்குத் தலைவர், செயலாளர், தொண்டர், கொடி பிடிக்கிறவர் எல்லாமே அவ அப்பாதான். இருபது வருஷமா ஒர்க்‌ஷாப்ல ஃபோர்க் வேலை மட்டும் பார்க்கிற மனுஷன். யாராவது கோட்டிங்னு வாயெடுத்தா, "போட்டுக்கோங்க, உள்ளதானே இருக்கு, யாரு பார்க்கப் போறா"ம்பார்.

முதல் கட்சிக்கு ஒரே ஆள், பல் டாக்டர். வாரம் பூரா ஊர் வாயைப் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை வண்டியோட மண் மேட்டுல குதிக்கிறவர். அப்பா பேச்சைக் கேக்காம தன் குழாயைக் கழட்டி அனுப்பி கோட்டிங் போட்டு வரவழைச்சார். அப்பாவோட வண்டியும் அதே மாடல். அதோட குழாயையும் கழுவி, அதே மாதிரி பேப்பர்ல சுத்தி, அதே மேஜையில வெச்சிருந்தாங்க.

"ரெண்டு ஜோடியையும் நீயே தனியா சேர்த்திடு," ன்னார் அப்பா. "சரியா வந்தா இந்த வேலை பெஞ்சுல பாதி உனக்கு. சொதப்பினா மறுபடியும் சேறு கழுவுற பைப்தான்."

ரெண்டு வருஷமா அவ அந்தப் பைப்பைத்தான் பிடிச்சிட்டிருந்தா. பாதி பெஞ்சுக்காக எதையும் விடத் தயாரா இருந்தா. பேப்பரைப் பிரிச்சா, ஒரு ஜோடி உள்ள வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, இன்னொண்ணு கழுவாத டம்ளர் மாதிரி இருந்துச்சு. எது புதுசுன்னு கேட்டா உலகத்துல யாருமே பளபளப்பைத்தான் காட்டுவாங்க. அதை டாக்டருக்குப் போட்டா. கழுவாத டம்ளரை அப்பாவுக்கு.

சீட்டை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சிட்டு வெளிய எட்டிப் பார்த்தா. டாக்டர் வந்துட்டார். ஓட்டியும் பார்த்துட்டார். ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம பேசிட்டிருந்தார்.

"மாஸ்டர், முன்னாடியெல்லாம் ஒவ்வொரு குழியிலயும் கைக்குப் பல் கூச்சம் மாதிரி இருக்கும். இப்ப மரத்துப் போற ஊசி போட்ட மாதிரி. ஒண்ணுமே தெரியல."

"மனசு, டாக்டர். செலவு பண்ணிட்டீங்கல்ல, மனசு அப்படித்தான் சொல்லும்."

"நீங்க ஓட்டுங்க. அப்புறம் பேசுங்க."

அவ உள்ளுக்குள்ள, போகாதீங்கப்பா, போகாதீங்கப்பான்னு சொன்னா. அப்பா போனார். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி மண் மேட்டுல டாக்டர் வண்டியில மூணு சுத்து. இறங்கி, தன் வண்டியை எடுத்து இன்னும் மூணு சுத்து. திரும்பி வந்து தரையைப் பார்த்துட்டே நின்னார்.

"என்னுது செத்த எருமை மாதிரி இருக்கு," ன்னார். "உங்களுது வெண்ணெய். டாக்டர், நான் இருபது வருஷமா தப்பாப் பேசிட்டிருந்திருக்கேன்."

டாக்டர் ஹெல்மெட்டுக்குள்ளயே சிரிச்சதுல கண்ணாடி பனி பிடிச்சிடுச்சு.

அவ நேரா ஸ்டோர் ரூமுக்கு ஓடினா. தம்பி அங்க ஆயில் சீல் டப்பாக்களுக்கு நடுவுல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருந்தான். பத்து வயசு. வேற ஆளில்ல, அவன்கிட்டயே மூச்சு விடாமக் கொட்டித் தீர்த்தா.

"இரு இரு," ன்னான். "கோட்டிங் இல்லாத வண்டி வெண்ணெய். கோட்டிங் போட்ட வண்டி எருமை."

"ஆமாடா."

"அப்போ கோட்டிங் போட்டா எருமை ஆயிடுமா?"

"ஆகாதுடா. ஒரே ஆயில், ஒரே அளவு. ரெண்டையும் நான்தான் சேர்த்தேன்."

"வண்டியில மாட்டினது யாரு?"

டாக்டர் வண்டியில அவ மாட்டினா. அப்பா வண்டியில அப்பா மாட்டினார்.

அப்பா சக்கரம் மாட்டுற வேகம் ஊரறிஞ்சது. அச்சைச் சொருகுவார், ரெண்டு கால் அடியிலயும் இருக்கிற போல்ட்டை டக்டக்னு இறுக்குவார், கையைத் துடைப்பார். நாலு நிமிஷம். அவளுக்கு அதுதான் முதல் தடவை. வலது பக்கப் போல்ட்டை இறுக்க மறந்தே போயிட்டா. ஃபோர்க் வேலை செய்யுதான்னு பயத்துல பிரேக்கைப் பிடிச்சிட்டு பதினஞ்சு தடவை அமுக்கி அமுக்கிப் பார்த்தா. அப்புறம்தான் லூசா இருக்கிற போல்ட் கண்ணுல பட்டுச்சு. யாரும் பார்க்கலைன்னு உறுதி பண்ணிட்டு இறுக்கினா. அதை அவ தப்புன்னுதான் இவ்வளவு நேரமும் நினைச்சிட்டிருந்தா.

"புத்தகத்துல பாரு," ன்னான் தம்பி.

வண்டிகூட வந்த புத்தகம் ஆடுற மேஜைக் காலுக்கு முட்டு. உருவி எடுத்ததும் மேஜை சாஞ்சு, ஒரு டப்பா வாஷர் தரையில கொட்டி உருண்டுச்சு. ரெண்டு பேரும் அப்படியே உறைஞ்சு நின்னாங்க. யாரும் வரல. தம்பி விரலை வெச்சுப் படிச்சான்.

"வலது பக்கப் போல்ட்டை இறுக்கும் முன் ஃபோர்க்கைப் பல முறை அமுக்கவும். இல்லையெனில் கால்கள் ஒன்றுக்கொன்று நேராக அமையாமல் இறுகி ஓடும்." நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, அப்பா இதைப் படிச்சதே இல்லையா?"

"மேஜை படிச்சிருக்கு."

"அப்ப அப்பா மாட்டின எல்லா வண்டியும் எருமையா?"

"சத்தமாப் பேசாதடா."

அதுக்குள்ள அப்பா கூப்பிட்டுட்டார். போனா, டாக்டர் இன்னும் கிளம்பல, நாற்காலி போட்டு ஜெயிச்ச கட்சி மாதிரி உக்காந்திருந்தார். அப்பா தன் வண்டியை ஸ்டாண்ட்ல ஏத்தி முன் சக்கரத்தை ஏற்கெனவே கழட்டியிருந்தார்.

"இதையும் கோட்டிங்குக்கு அனுப்பப் போறேன்," ன்னார். "கடைக்காரர் பையன் இந்தப் பக்கமா வர்றானாம், கால் மணி நேரத்துல வந்துடுவான். குழாயைப் பிரிச்சு வை."

பிரிச்சா டீ கலர் தெரியும். அவளே பிரிச்சாலும் தெரியும், அப்பா பிரிச்சாலும் தெரியும், அந்தப் பையன் பிரிச்சா ஊருக்கே தெரியும்.

"அப்பா, ஒரு நாள் பொறுத்து அனுப்பலாமே."

"ஏன்? தப்புன்னு தெரிஞ்சப்புறம் ஒரு நாள் எதுக்கு? என்ன டாக்டர்?"

"பல்லும் அப்படித்தான் மாஸ்டர். வலின்னா உடனே எடுத்துடணும்."

"இல்ல, ஆயில் புதுசு, வீணாயிடும்."

"ஆயில்தான் எல்லாம்னு நினைச்சுத்தான் இருபது வருஷம் போச்சு." அப்பா சிரிச்சார். கோவமா இருந்தாக்கூடப் பரவாயில்ல, அந்தச் சிரிப்பைத்தான் அவளால தாங்க முடியல. பெஞ்ச் மேல இருந்த தன் சாமானையெல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கி, பாதியைக் காலி பண்ணி, துணியால துடைச்சே வெச்சிருந்தார்.

"டாக்டர் வண்டியில நீ மாட்டின விதம் அவ்வளவு சுத்தம்," ன்னார். "எனக்கே பொறாமை. எப்படி மாட்டின, ஒண்ணொண்ணாச் சொல்லு பார்ப்போம்."

டாக்டரும் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார். ஸ்டோர் ரூம் கதவு இடுக்குல தம்பியோட ஒரு கண்ணு.

சொல்ல வேண்டியது ரெண்டு. வெண்ணெய் மாதிரி ஓடுற வண்டியில கோட்டிங்கே இல்லைங்கிறது ஒண்ணு. இருபது வருஷமா அப்பா போல்ட் இறுக்கின முறையே தப்புங்கிறது இன்னொண்ணு. முதலாவதைச் சொன்னா பெஞ்ச் போயிடும். ரெண்டாவதைச் சொன்னா டாக்டர் முன்னாடி அப்பா முகம் போயிடும். ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணும் தானா வெளிய வந்துடும்.

தெருமுனையில வண்டி ஹாரன் சத்தம் கேட்டுச்சு. கோட்டிங் கடைப் பையனாத்தான் இருக்கும்.

ரெண்டுல எதை முதல்ல சொல்றது?